ஹீப் பாதி காலி, ஆனாலும் பஃபர் இல்லை: கீபேட் போன் ஃபர்ம்வேரில் கசிவை எங்கே தேடுவது?

புதுச்சேரியில் கீபேட் போன் ஃபர்ம்வேர் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது, சுருக்கமாக: "4 எம்பி ரேம் உள்ள 2ஜி போன். கடலூர் துறைமுகம், தாழங்குடா பக்கத்து மீனவர்கள் வாங்கிய போன்கள் நாலைந்து நாளில் தொங்கிவிடுகின்றன. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. எங்கள் லேபில் வாரக்கணக்கில் ஓடுகிறது, ஒன்றும் ஆவதில்லை. கடைசி லாகில் பஃபர் தீர்ந்துவிட்டது என்று ஒரு வரி இருக்கிறது. அதே லாகில் ஹீப் பாதிக்கு மேல் காலி என்றும் இருக்கிறது. மாலாக் போட்ட இடமெல்லாம் ஃப்ரீ இருக்கிறதா என்று இரண்டு பேர் உட்கார்ந்து படித்துவிட்டோம். பூல் அளவை இரண்டு மடங்காக்கி அனுப்பிவிடலாம் என்கிறார் மேனேஜர். என்ன செய்யலாம் அண்ணா?"

தம்பி, கேள்வியிலேயே பாதி பதிலை எழுதிவிட்டீர்கள். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஹீப் என்பது ப்ரோக்ராம் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி இடம்; மாலாக் அதை வாங்குவது, ஃப்ரீ திருப்பித் தருவது; பஃபர் தகவலைத் தற்காலிகமாக வைக்கும் துண்டு; பூல் ஒரே அளவுத் துண்டுகளின் கையிருப்பு; வாங்கியதைத் திருப்பாமல் விடுவதுதான் கசிவு.) லேபில் வராதது மீனவர் கையில் வருகிறது என்பது ஒரு துப்பு. ஹீப் காலியாக இருந்தும் பஃபர் இல்லை என்பது இன்னொரு துப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நீங்கள் படித்த இடங்களில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. மாலாக்குக்கு ஜோடியாக ஃப்ரீ இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம், ஒரே ஃபங்க்ஷனுக்குள் வாங்கி அங்கேயே விட்டுவிடும் மெமரிக்குத்தான் பொருந்தும். போன் ஃபர்ம்வேரில் மெமரி அப்படி ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு டாஸ்க் (போனுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) வாங்கும், மெசேஜில் வைத்து இன்னொரு டாஸ்க்கிடம் தள்ளிவிடும். விடவேண்டியது வாங்கிய டாஸ்க் இல்லை, பெற்றுக்கொண்ட டாஸ்க். நடுவில் காரியம் நின்றுபோனால் யார் விடுவது? இந்தக் கேள்விக்குக் கோடில் பதில் எழுதாமல் விட்ட இடம்தான் பெரும்பாலும் கசியும்.

இந்த ரகப் போனில் கசிவு ஏன் இவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டிலோ, 2017இல் 512 எம்பி ரேமோடு வந்த ஜியோபோனிலோ ஒரு ஆப் கசிந்தால், கர்னல் அந்த ப்ராசஸைக் கொன்றுவிட்டு அது வைத்திருந்த மெமரியை மொத்தமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கசிந்த ஆளோடு கசிவும் போய்விடும். மீடியாடெக் எம்டி6261 போன்ற சிப்பில் அந்த வசதி கிடையாது. உள்ளே இருப்பது ஏஆர்எம்7இஜே-எஸ் கோர். அதில் எம்எம்யூவே (ஒவ்வொரு வேலையின் மெமரியையும் தனித்தனியாகப் பிரித்துக் காக்கும் பகுதி) இல்லை. நெட்வொர்க், எஸ்எம்எஸ், போன்புக், எஃப்எம் ரேடியோ எல்லா டாஸ்க்கும் ஒரே அட்ரஸ் வெளியில் ஒன்றாகக் குடியிருக்கின்றன. பயனாளி ஒரு ஸ்கிரீனிலிருந்து வெளியே வருவது என்பது ஒரு ஃபங்க்ஷன் திரும்பி வருவது மட்டும்தான். அந்த ஸ்கிரீன் விட்டுவைத்த பிளாக்கை பேட்டரியைக் கழற்றும் வரை யாரும் கேட்கப்போவதில்லை.

சரி, ஹீப் காலியாக இருந்தும் பஃபர் எப்படித் தீரும்? இந்தப் போன்களில் "ஹீப்" என்று ஒன்றே ஒன்று இல்லை. டாஸ்க்குகள் ஒன்றுக்கொன்று மெசேஜ் அனுப்பும் பஃபர்கள் பெரும்பாலும் நிலையான அளவுள்ள பூல்களிலிருந்து வரும்: 32 பைட் பிளாக் இத்தனை, 64 பைட் இத்தனை, 128, 256, 512 என்று கம்பைல் செய்யும்போதே பங்கு பிரித்திருப்பார்கள். வேகத்துக்காகவும், துண்டு துண்டாகச் சிதறாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. ஸ்கிரீன், படம், ஃபைல் போன்ற ஆப் வேலைகளுக்கு வேறு பெரிய ஹீப். உங்கள் லாகில் "பாதி காலி" என்று வருவது அந்தப் பெரிய ஹீப்பின் கணக்கு. செத்துப்போனது ஏதோ ஒரு அளவுக்கான பூல். எந்த அளவு என்று அந்த வரியைச் சரியாகப் பாருங்கள். அசர்ட் வரியில் (கோட் தானே தப்பைக் கண்டு நின்றபோது எழுதும் வரி) கேட்ட பைட் எண்ணிக்கை பெரும்பாலும் இருக்கும். அந்த ஒரு எண் தெரிந்தாலே சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது; பலர் இதைச் செய்யாமலேயே கோடைத் தோண்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். 300 கேபி ஹீப் நாலு நாளில் காலியாகிறது என்று வையுங்கள். 96 மணி நேரம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 3 கேபி. இரவு பகல் பாராமல் இத்தனை ஒழுங்காக எந்த மனிதரும் பட்டனை அழுத்துவதில்லை. அப்படியானால் சந்தேகம் ஏதாவது ஒரு டைமர் மேல், அல்லது நெட்வொர்க் அளவீடு போலத் தானாகத் திரும்பத் திரும்ப நடக்கும் வேலை மேல். இதுவே 256 பைட் பூலில் பேச்சுக்கு 40 பிளாக் இருந்து, அது நாலு நாளில் தீர்கிறது என்றால், ஒரு நாளைக்கு வெறும் 10 கசிவு. அது ஒரு அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி, ஒரு தடவை டவர் போய் வருவது என்கிற அளவிலான நிகழ்வு. உங்கள் கேஸ் இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன். 40 பிளாக் என்பது மொத்தம் 10 கேபிதான். மொத்த ஹீப் வரைபடத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது கண்ணில் படாது.

அதனால் அளக்கும்போது பூல் வாரியாக அளக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் இப்போது எத்தனை பிளாக் வெளியே இருக்கிறது, இதுவரை அதிகபட்சம் எத்தனை போயிருக்கிறது, இரண்டும் வேண்டும். பெரிய ஹீப்புக்கு மொத்தக் காலியிடத்தோடு, தொடர்ச்சியாகக் கிடைக்கும் மிகப் பெரிய ஒரே துண்டின் அளவையும் எழுதுங்கள். மொத்தம் குறையாமல் பெரிய துண்டு மட்டும் குறைந்துகொண்டே போனால் அது கசிவே இல்லை, சிதறல். 240க்கு 320 ஸ்கிரீனுக்கு 16 பிட் நிறத்தில் ஒரு முழு லேயர் 1,53,600 பைட். அது ஒரே துண்டாக வேண்டும். 300 கேபி காலியிருந்தும் அது கிடைக்காமல் போகலாம். அதற்கு வைத்தியம் வேறு. கசிவைத் தேடிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். அதேபோல் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால் அது கேஷ் (மறுபடி தேவைப்படும் என்று எடுத்து வைத்திருப்பது): ஃபான்ட், போன்புக் பெயர்கள் போன்றவை. எப்போதும் ஒரே நிலையில் அளவெடுங்கள்: வேலை முடிந்து ஐடில் ஸ்கிரீனுக்கு வந்து, கொஞ்சம் ஆறவிட்டு. முதல் சில சுற்றுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது பெயர் எழுதுவது. வாடகைப் பாத்திரக் கடையில் அண்டா எந்தக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது என்று நோட்டில் எழுதாமல் வெளியே விடமாட்டார்கள். உங்கள் அலகேட்டர் (மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் கோட்) எழுதாமல் விட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஜிசிசி கம்பைலர் என்றால் லிங்கரின் (கோட் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவி) ரேப் ஆப்ஷனை வைத்து மாலாக், ஃப்ரீ இரண்டையும் உங்கள் ஃபங்க்ஷன் வழியாகத் திருப்பிவிடலாம். ஏஆர்எம் கம்பைலரில் சப், சூப்பர் என்ற குறியீடுகளால் அதையே செய்யலாம். அழைப்புகள் லைப்ரரிக்குள் இருந்தாலும், அவை வெளியே உள்ள பெயரை நாடி வந்தால் சிக்கிவிடும். ஒவ்வொரு பிளாக்கின் முன்னாலும் 16 பைட் ஹெடர்: கேட்ட அளவு, அழைத்த இடத்தின் ரிட்டர்ன் அட்ரஸ், டாஸ்க் எண், ஒரு தொடர் எண். பூல் பிளாக் என்றால் அந்த 16 பைட்டுக்கு இடம் இருக்காது, 250 பைட் கேட்டவர் அடுத்த அளவுக்குத் தாவிவிடுவார். அப்போது ஹெடரை விட்டுவிட்டுத் தனியாக ஒரு அட்டவணை வையுங்கள். பிளாக்கின் எண்ணே அதில் வரிசை எண். பூல் சிறியது என்பதால் இது மிகவும் மலிவு.

ரிட்டர்ன் அட்ரஸில் ஒரு சிக்கல் உண்டு. எல்லோரும் ஒரே பொது ஃபங்க்ஷன் வழியாக மெமரி கேட்டால், அட்டவணை முழுக்க அந்த ஃபங்க்ஷனின் பெயரே இருக்கும். மெசேஜ் கட்டும் ஃபங்க்ஷனை மேக்ரோவாக (கம்பைல் செய்யும்போது அழைக்கும் இடத்திலேயே விரிவது) மாற்றி, அழைக்கும் இடத்தின் ஃபைல் எண், வரி எண்ணைச் சேர்த்து அனுப்பினால் இது தீரும். மெசேஜ் பஃபருக்கு இன்னும் ஒன்று சேருங்கள்: கடைசியாக எந்த டாஸ்க்கிடம் போனது, என்ன மெசேஜ் எண். அழைத்த இடத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. பிளாக்கைப் பெற்றெடுத்தவர் பெரும்பாலும் குற்றமற்றவர். கடைசியாக வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராதவர்தான் மாட்ட வேண்டியவர்.

தொடர் எண் எதற்கு என்றால், ஒரு செயலுக்கு முன் ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு, செயல் முடிந்ததும் "இந்த எண்ணுக்குப் பிறகு பிறந்து இன்னும் உயிரோடு இருப்பவர்களைக் காட்டு" என்று கேட்கலாம். சிம்பியன் (பழைய நோக்கியா போன்களின் இயங்குதளம்) காலத்து ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே ஹீப் மார்க், மார்க் எண்ட் என்று இரண்டு மேக்ரோ இருந்தன. நடுவில் ஒரு பிளாக் மிச்சமிருந்தாலும் டீபக் பில்ட் அங்கேயே அலறிவிடும். பாதியில் எர்ரர் வந்தால் விடவேண்டியதையெல்லாம் முன்கூட்டியே அடுக்கி வைக்கும் கிளீனப் ஸ்டாக் என்ற ஏற்பாடும் இருந்தது. எழுதும்போது எரிச்சலாக இருக்கும், ஆனால் பாதியில் நின்றால் யார் பொறுப்பு என்ற கேள்வியைத் தவிர்க்கவே விடாது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014இல் மூடியது, சிம்பியனும் போய்விட்டது. அந்தப் பழக்கத்தை மட்டும் கைவிடத் தேவையில்லை.

மீனவர் கையில் உள்ள போனில் யூஆர்ட் ஒயர் (லாகை வெளியே எடுக்கும் சீரியல் கேபிள்) மாட்ட முடியாது. அதனால் போனே எழுதி வைக்க வேண்டும். பூல் தீரும் தருணத்தில், அதிகம் வைத்திருக்கும் பத்து இடங்களையும் எண்ணிக்கையையும், ரீஸ்டார்ட்டில் அழியாத ஒரு சிறு ரேம் பகுதியில் எழுதுங்கள். ஸ்டார்ட்டப் கோட் சுழியாக்காத பகுதியாக லிங்கர் ஸ்கிரிப்டில் ஒதுக்க வேண்டும். அடுத்த முறை எழுந்ததும் அதை ஃபிளாஷுக்கு மாற்றிக்கொள்ளலாம். பேட்டரியைக் கழற்றினால் அந்த ரேமும் போய்விடும். எனவே தொங்கும் வரை காத்திராமல், பூலில் நாலில் மூன்று பங்கு தீர்ந்ததுமே ஒரு முறை ஃபிளாஷில் எழுதிவிடுவது நல்லது. பூல் தீர்ந்தபோது ஓடும் அந்தக் கோடில் லாக் ஃபங்க்ஷனைக் கூப்பிடாதீர்கள். அது தன் பங்குக்கு ஒரு பஃபர் கேட்கும், கிடைக்காது, மறுபடி இங்கேயே வரும்.

இனி, ஏன் மீனவர்கள்? அட்டவணை வரும் முன்பே ஓர் ஊகம் சொல்கிறேன். தப்பாக இருந்தால் அட்டவணை காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான் போகும். ஆங்கிலம் என்றால் 7 பிட்டாக 160 எழுத்து. தமிழ் யூசிஎஸ்-2 என்ற யூனிகோட் முறையில் போகும்போது எழுத்துக்கு 2 பைட், ஆக 70. அதிலும் "கொ" என்பது க, துணைக்குறி என்று இரண்டாகக் கணக்காகும். (7 பிட்டிலேயே தமிழை அனுப்ப, மொபைல் தர அமைப்பான 3ஜிபிபி ஒன்பதாம் ரிலீஸில் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் வருவதெல்லாம் பெரும்பாலும் யூசிஎஸ்-2தான்.) நீளமான செய்தி என்றால் ஒவ்வொரு துண்டிலும் 6 பைட் ஹெடர் போய்விடும், மிச்சம் 67. "தென்மேற்கு வங்கக்கடலில் பலத்த காற்று, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று தொடங்கும் 200 எழுத்து எச்சரிக்கை மூன்று துண்டாகத்தான் வரும். அந்த 6 பைட் ஹெடரில் குறிப்பு எண், மொத்தம் எத்தனை துண்டு, இது எத்தனையாவது என்று இருக்கும். துண்டுகள் வரிசையாக வர வேண்டும் என்று கட்டாயமில்லை. எல்லாம் வரும் வரை போன் சேர்த்து வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு துண்டு 140 பைட், அனுப்பியவர் எண், நேர முத்திரை, பாயிண்டர்கள் எல்லாம் சேர்ந்தால் 128ஐத் தாண்டி 256 பைட் பூலில்தான் போய் உட்காரும்.

இப்போது படகைக் கரையிலிருந்து வெளியே எடுத்துப் போங்கள். ஜிஎஸ்எம்மில் டைமிங் அட்வான்ஸ் (தூரத்துக்கு ஏற்பப் போன் முன்கூட்டியே அனுப்ப வேண்டிய அளவு) 63 வரைதான். ஒரு படி சுமார் 550 மீட்டர், ஆக டவரிலிருந்து 35 கிலோமீட்டர்தான் எல்லை. அதற்கு வெகு முன்பே ஒரு தொல்லை ஆரம்பித்துவிடும். 900 பேண்டில் கைப்பேசி அதிகபட்சம் 2 வாட் அனுப்பும். டவர் அதைவிடப் பல மடங்கு பலமானது. விளிம்பில் டவர் சொல்வது போனுக்குக் கேட்கும், போன் சொல்வது டவருக்குக் கேட்காது. துண்டு வந்து சேர்ந்துவிடும், "வாங்கிக்கொண்டேன்" என்ற பதில் போய்ச் சேராது. எஸ்எம்எஸ் சென்டர் என்ன நினைக்கும்? போகவில்லை என்று. கொஞ்ச நேரம் கழித்து அதே துண்டை, அதே குறிப்பு எண்ணோடு, மறுபடி அனுப்பும்.

உங்கள் சேர்க்கும் கோடில் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். துண்டு எண்ணை வைத்து ஒரு பாயிண்டர் வரிசையில் புதிய நோடை (அந்தத் துண்டு இருக்கும் பிளாக்கை) வைப்பீர்கள். அங்கே ஏற்கெனவே ஒரு நோட் இருந்தால்? பார்க்காமல் மேலே எழுதினால் பழைய நோட் அனாதை. மாலாக்குக்கு ஃப்ரீ இருக்கிறதா என்று தேடுபவர் கண்ணில் இது படவே படாது. செய்தி முழுமையானதும் வரிசையிலுள்ள எல்லாவற்றையும் விடும் ஃப்ரீ அங்கே அழகாக இருக்கும். லேபில் சிக்னல் முழுசாக இருக்கும்போது எந்தத் துண்டும் இரண்டு முறை வருவதில்லை.

அதே இடத்தில் இன்னும் இரண்டு ஓட்டை இருக்கலாம். மூன்றாவது துண்டு வராமலேயே சென்டரில் அதன் காலக்கெடு முடிந்துவிட்டால், முதல் இரண்டும் நிரந்தரமாகக் காத்திருக்கும். சேர்க்கும் அட்டவணையில் இடம் தீர்ந்ததும் பழைய வரியைச் சுழியாக்கிப் புதியதைப் போட்டால், அதில் தொங்கிய நோடுகளும் போயின. இரண்டாவது ஓட்டை, குறிப்பு எண் 7 பைட் ஹெடரில் 16 பிட்டாக வரும் செய்திகள். 8 பிட்டை மட்டும் எதிர்பார்க்கும் கோட் அதை எர்ரர் பாதைக்குத் தள்ளும். அந்த எர்ரர் பாதை பஃபரை விடுகிறதா என்று பாருங்கள்.

சரிசெய்வது என்றால் விட்டுப்போன இடத்தில் ஒரு ஃப்ரீயைச் செருகுவது மட்டும் போதாது. நாளைக்கு இன்னொருவர் வேறொரு இடத்தில் அந்த வரியைச் சுழியாக்குவார். ஒரு செய்தியின் துண்டுகளை விடுவிக்க ஒரே ஒரு ஃபங்க்ஷன் வையுங்கள். அட்டவணை வரியைக் காலி செய்யும் உரிமை அதற்கு மட்டும்தான். முழுமையானாலும், காலக்கெடு முடிந்தாலும், இடம் தீர்ந்து வெளியே தள்ளினாலும், பயனாளி அழித்தாலும் அதன் வழியாகவே போக வேண்டும். திரும்ப வந்த துண்டை அனுப்பியவர் எண், குறிப்பு எண், மொத்தம், வரிசை, சென்டரின் நேர முத்திரை ஐந்தையும் ஒப்பிட்டு அடையாளம் கண்டால், புதியதை விட்டுவிட்டுப் பழையதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முழுமையடையாத செய்திக்கும் ஒரு வயது வேண்டும். 8 பிட் குறிப்பு எண் 256க்கு ஒருமுறை சுற்றி வந்துவிடும். பழைய பாதிச் செய்தி கிடந்தால், அதே அனுப்புநரின் புதிய செய்தியின் துண்டு அதில் போய் ஒட்டிக்கொள்ளவும் கூடும். காலக்கெடு முடிந்த பாதிச் செய்தியைத் தூக்கி எறியாமல், வந்தவரை காட்டிவிடுங்கள். புயல் எச்சரிக்கையின் முதல் இரண்டு துண்டு கிடைத்தாலே ஒருவருக்கு உபயோகம்தான். என்னைக் கேட்டால் துண்டுகளை ஹீப்பில் வைக்கவே கூடாது, ஃபிளாஷில் வைக்க வேண்டும். அப்போது பேட்டரி தீர்ந்தாலும் போகாது. ஆனால் அது பெரிய மாற்றம், இந்த ரிலீஸில் தொடாதீர்கள்.

இதை லேபிலேயே வரவழைக்க ஒரு ஜிஎஸ்எம் மோடம் போதும். ஏடி கமாண்டில் (மோடத்துக்குக் கொடுக்கும் கட்டளை) பிடியூ மோடுக்குப் போய் (செய்தியை ஹெடரோடு நாமே பைட் பைட்டாகக் கட்டி அனுப்பும் முறை), மூன்று துண்டுச் செய்தியில் ஒன்றையும் மூன்றையும் மட்டும் அனுப்புங்கள். அப்புறம் ஒன்றையே நாலு தடவை அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு 256 பூலின் எண்ணிக்கையைப் பாருங்கள். மோடத்திலிருந்து மறுபடி அனுப்பும்போது சென்டர் புது நேர முத்திரை போட்டுவிடும் என்பதால், கடலில் வரும் நகலுக்கு இது அச்சு அசலாக இராது. கசிவைக் காட்ட இது போதும், திருத்தம் சரியா என்று பார்க்கப் போதாது. அதற்கு, எஸ்எம்எஸ் டாஸ்க்குக்குக் கீழிருந்து வரும் மெசேஜை நீங்களே செயற்கையாகக் கட்டி, ஒரே முத்திரையோடு ஆயிரக்கணக்கில் உள்ளே தள்ளும் ஒரு டெஸ்ட் டாஸ்க் எழுதுங்கள். ராத்திரி ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பிசி சிமுலேட்டர் உங்களிடம் இருந்தால் எம்எம்ஐ (ஸ்கிரீன், மெனு) பகுதியை அதில் கட்டி, மெமரித் தப்பைப் பிடிக்கும் கருவிகளான அட்ரஸ் சானிட்டைசரோ வால்கிரைண்டோ போட்டுப் பாருங்கள். ஒரு நிபந்தனை: பூல் அலகேட்டரை அப்படியே வைத்திருந்தால் அந்தக் கருவிகளுக்குப் பூல் முழுவதும் ஒரே பெரிய பிளாக்காகத்தான் தெரியும், ஒன்றும் பிடிக்காது. பிசி பில்டில் பூல் கேட்பதையெல்லாம் நேரடியாக மாலாக்குக்குத் திருப்பிவிடுங்கள். புரோட்டோகால் ஸ்டாக் (நெட்வொர்க்கோடு பேசும் பகுதி) சிப் கம்பெனியிடமிருந்து லைப்ரரியாகத்தான் வரும், அதை இப்படிப் பார்க்க முடியாது.

என் ஊகம் தப்பி, அட்டவணை எஸ்எம்எஸ் பக்கமே காட்டவில்லை என்றால், அடுத்து டவர் தேடும் பாதையைப் பாருங்கள். கடலிலிருந்து திரும்பும்போது பலர் பொறுமையில்லாமல் கையால் நெட்வொர்க் தேடச் சொல்லிவிட்டு, பாதியில் ரத்து செய்துவிடுவார்கள். எம்எம்ஐ வேறு நிலைக்குப் போய்விடும். கீழே ஸ்டாக் தேடி முடித்து, கிடைத்த நெட்வொர்க் பட்டியலைப் பஃபரில் போட்டு மேலே அனுப்பும். எதிர்பாராத நிலையில் எதிர்பாராத மெசேஜ். கோடின் ஸ்விட்சில், எதற்கும் பொருந்தாதவை போகும் டிஃபால்ட் கிளைக்குப் போய் அமைதியாகத் திரும்பிவிடும். ஸ்டேட் மெஷினில் டிஃபால்ட் கிளை ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள், வந்த பஃபரை அது விடுகிறதா என்று. ஒரு மாலை போதும் இந்த வேலைக்கு. பலன் அதைவிடப் பெரியது. புயல் நேரத்தில் நம் பக்கத்துப் போன்கள் எல்லாமே இந்தப் பாதையில்தான் ஓடுகின்றன. 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் என்று கரண்ட் போய் டவர் அணைந்தால், கரையில் உள்ள போனும் கடலில் உள்ளது போலத்தான் தேடிக்கொண்டே இருக்கும். கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் போனை வைத்துக்கொண்டு முள்ளோடை, அரியாங்குப்பம் என்று போய் வருவதை டெஸ்ட் என்று சிலர் சொல்வார்கள். செல் மாறுவதைப் பார்க்க அது சரி. வழி நெடுக சிக்னல் இருப்பதால் உங்கள் பிரச்சினைக்கு உதவாது.

ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (எத்தனை பேர் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு) வைத்த மெசேஜ் பஃபர்கள் இன்னொரு இடம். ஒரே மெசேஜை இரண்டு டாஸ்க்குக்கு அனுப்ப எண்ணிக்கையை ஒன்று கூட்டுவார்கள். கியூ நிரம்பி இரண்டாவது அனுப்பல் தோற்றால் கூட்டியதைக் குறைக்க மறந்துவிடுவார்கள். பிளாக்கின் அளவை மாற்றும் ரீஅலாக் தோற்றால் சுழி திரும்பும். அதைப் பழைய பாயிண்டரிலேயே வாங்கினால் பழைய பிளாக் போச்சு. ஃபைல் தேடலைத் திறந்து மூடாமல் விட்டாலும் வெளியே கசிவு போலத்தான் தெரியும். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இயங்குதளம் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை: தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் டாஸ்க்கின் ஸ்டாக்கை (அதற்கென ஒதுக்கிய மெமரி), வேறு வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் டாஸ்க்தான் விடுவிக்கும். ஐடிலுக்கு முறை வராமல் வேறொரு டாஸ்க் சுற்றிக்கொண்டே இருந்தால், உங்கள் கோடில் தப்பே இல்லாமல் மெமரி குறையும்.

மேனேஜர் சொல்வதற்கு வருவோம். 40ஐ 80 ஆக்கினால் நாலு நாள் எட்டு நாளாகும். அவசரத்துக்கு அதை அனுப்புவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. புகார் குறையும், உங்களுக்கு நேரம் கிடைக்கும். ஆனால் அந்த பில்டில் மேலே சொன்ன அட்டவணையும் இருக்க வேண்டும், இல்லையென்றால் எட்டாவது நாளில் இதே கேள்வியோடு நிற்பீர்கள். ராத்திரி மூன்று மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகட்டும் என்றும் யாராவது சொல்வார்கள். வண்டியில் மாட்டும் ஜிபிஎஸ் கருவிக்கு அது நடக்கும். மீனவர் கடலுக்குக் கிளம்பும் நேரமே அதுதான். போனுக்கு அது ஆகாது. அதைவிட முக்கியம், அழைப்பு ஏற்படுத்தும் டாஸ்க்குக்கு எந்த நிலையிலும் கொஞ்சம் பிளாக் தனியாக ஒதுக்கி வையுங்கள். இப்போது எஸ்எம்எஸ்ஸும் அழைப்பும் ஒரே பூலிலிருந்து எடுக்கின்றன. குறுஞ்செய்தியின் கசிவால் 112க்கோ கடலோரக் காவல்படையின் 1554க்கோ அழைக்க முடியாமல் போவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. கசிவைக் கண்டுபிடிக்கும் முன்பே இதைச் செய்துவிடலாம், சில வரி வேலைதான்.

திருத்தம் சரியா என்பதை "ஒரு வாரம் தொங்கவில்லை" என்று முடிவு செய்யாதீர்கள். துண்டு தள்ளும் டெஸ்ட்டை ஆயிரம் சுற்று ஓடவிட்டால் 256 பூலின் எண்ணிக்கை தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். ஒன்று கூடியிருந்தாலும் காரணம் தெரிய வேண்டும். அதே டெஸ்ட்டை ஒவ்வொரு பில்டோடும் ஓடும்படி போட்டுவிடுங்கள்.

விற்ற போன்களுக்குப் புது ஃபர்ம்வேர் ஏற்றுவது கடைக்காரர் மூலமாகத்தான் நடக்கும். கடலூர் லாரன்ஸ் ரோட்டில் கேபிள் மாட்டி ஏற்றித் தரும் பையனிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்: டவுன்லோட் மட்டும், ஃபார்மட் கூடாது. ஃபிளாஷ் முழுவதையும் ஃபார்மட் செய்தால் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணும் ரேடியோ கேலிப்ரேஷனும் சேர்ந்து அழியும். அந்தப் போனுக்குப் பிறகு சிக்னலே வராமல் போகலாம். முதலில் அட்டவணை உள்ள பில்டை நாலைந்து பேருக்கு மட்டும் ஏற்றிக் கொடுங்கள், படகில் வெகுதூரம் போய் வருபவர்களாகப் பார்த்து. திரும்பி வந்த போனிலிருந்து அந்தப் பத்து வரியையும், பூல் கான்ஃபிக் ஃபைலையும், அந்த முகவரிகள் வரும் மேப் ஃபைல் (எந்த முகவரியில் எந்த ஃபங்க்ஷன் என்ற பட்டியல்) பகுதியையும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.